அரிப்பும் பரிகாரமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் சாலையின் இரு பக்கமும் மோட்டார் கார்களும் அவற்றின் உறுப்புகளும் செய்கிற தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. இத்தகைய தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேருகிற தோழர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. செய்த சாமானில் ஒரு குற்றம் கண்டால் “ஏன்?” என்று கேட்க வேண்டும், வந்த பதிலையும் “அது ஏன்?” என்று கேட்க வேண்டும், இப்படி ஐந்து தரம் கேட்டால் மூலகாரணம் அகப்படும் என்பதே அந்தப் பாடம். ஜப்பானியரிடமிருந்து வந்த பாடம். நல்ல பாடமென்றுதான் நாமும் சொல்லுவோம்.

ஆனால், பகலெல்லாம் ஒரு திருகாணிக்காக ஐந்து தரம் ஏன் என்று கேட்ட அதே தோழர், இரவில் தொடையிடுக்கையும் இடுப்பையும் விரலிடுக்குகளையும் இரத்தம் வரச் சொறிந்து கொண்டு தூக்கமின்றி உட்கார்ந்திருக்கும்போது, அதற்காக ஒரு தரமாவது ஏன் என்று யாராவது கேட்கிறார்களா? ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமலேயே பதில் சொல்ல மட்டும் ஊரெல்லாம் ஆளிருக்கிறது. மாமியார் நாகதோஷம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இரத்தச் சூடு, கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்து என்கிறார். சோதிடர் ராகுவைக் காட்டுகிறார். மேஸ்திரியோ “குளிக்கிற வழக்கமுண்டா?” என்று நாலு பேர் எதிரில் கேட்டு, அரிப்போடு அவமானத்தையும் சேர்த்து விடுகிறார். இவர்களில் ஒருவராவது அந்தத் தோலை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தவரில்லை.

வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் உப்பையும் மிளகையும் கொட்டிவிட்டு வருகிறவரைப் பார்த்து நம் வாசகர்கள் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். ஆனால் கோயிலுக்குப் போகாத நம் தோழர் எங்கே போகிறார் என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டாமா? அவர் நேரே மருந்துக் கடைக்குப் போகிறார். சட்டையைக் கூடத் தூக்கிக் காட்டாமல் “அரிப்புக்கு ஒரு டியூப்” என்கிறார். கடைக்காரரும் கண்ணை ஏறெடுத்துப் பாராமல் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். அதில் என்ன இருக்கிறதென்று கொடுத்தவரும் சொல்லுவதில்லை, வாங்கியவரும் கேட்பதில்லை. கேளாமல் வாங்கிப் பூசுவதில் திருநீறுக்கும் இந்த டியூபுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றுண்டு. திருநீறு தோலைக் கெடுப்பதில்லை. இது கெடுக்கிறது.

எப்படியென்றால், இந்தக் களிம்புகள் பலவற்றில் குளோபெட்டசால் என்ற மிகவும் வீரியமுள்ள ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்தோடும் கிருமி மருந்தோடும் சேர்த்துக் கலக்கப்பட்டிருக்கிறது. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் தேகம் நடத்துகிற சண்டையின் அறிகுறிகள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்தி விடுகிறது. மூன்றே நாளில் அரிப்பு அடங்குகிறது. தோழர் மகிழ்ந்து போகிறார். எதிர்ப்பாரில்லாத பூஞ்சையோ உள்ளே தாராளமாகப் படருகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் இரண்டு பங்காக வெளிக் கிளம்புகிறது. மறுபடி டியூப். இப்படி ஆறு மாதம் போனால் படர்தாமரைக்குரிய வட்ட அடையாளமே கலைந்து, தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழுந்து, கடைசியில் தோல் மருத்துவரிடம் போகும்போது அவரே இன்ன வியாதியென்று பார்த்தவுடன் சொல்ல முடியாத நிலைமை ஏற்பட்டு விடுகிறது. “எத்தனை டாக்டரைப் பார்த்தாலும் என்ன வியாதியென்றே தெரியவில்லை” என்று இவர் சொல்லிக் கொள்ளுகிறார். முகத்தை அழித்துவிட்டு ஆளை அடையாளம் காட்டச் சொன்னால் யாரால் முடியும்?

இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் 2018-ல் விதி செய்தது. விதி காகிதத்தில் இருக்கிறது. டியூப் கடையில் இருக்கிறது. இதற்கிடையில் வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாபின் மாத்திரைக்கும் எளிதில் அசையாத ஒரு பூஞ்சை இந்நாட்டில் பரவிவிட்டது. அதற்கு 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2023-ல் அது அமெரிக்காவிலும் காணப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவித்தது.

நிற்க. எல்லா அரிப்பும் படர்தாமரையல்ல. ஒரே அறையில் எட்டுப் பேர் முறை வைத்துப் படுத்தெழும் இடங்களில் சொறி சிரங்கும் உண்டு. இதைப் பற்றி ஒரு சரித்திரம் தெரிந்து கொள்ளத் தக்கது. சிரங்கு இரத்தக் கேட்டினால் வருவதென்று ஐரோப்பாவிலும் பெரிய படிப்பாளிகள் நெடுங்காலம் சாதித்து வந்தார்கள். 1687-ல் போனோமோ என்ற இத்தாலிய மருத்துவர் தோலில் வளை தோண்டும் சிறு பூச்சியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதியும் அவர்கள் ஒப்பவில்லை. 1834-ல் ரெனூச்சி என்ற கார்சிகா தீவு மாணவர் பாரிஸ் ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி முனையால் அந்தப் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகுதான் வாய் மூடினார்கள். அவருக்கு அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? அவருடைய ஊர் ஏழைப் பெண்கள்! ஏட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியாதது தோலைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பூச்சிக்கு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை இரவு முழுவதும் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அறையிலுள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். ஒருவர் விட்டாலும் எல்லோருக்கும் திரும்பும். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பிருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நடப்பதென்ன? “பீகார்க்காரன் கொண்டு வந்தான், ஒரிசாக்காரன் கொண்டு வந்தான்” என்று அவன் பாயைத் தனியே ஒதுக்கி, தம்ளரைத் தனியே வைக்கிறார்கள். தம்ளரில் சிரங்கு ஒட்டாது. தீண்டாமையை வெறுப்பதாகச் சொல்லுகிற வாயாலேயே இப்படிப் பேசுகிறவர்களுக்கு என்ன சொல்லுவது?

இனி மூன்றாவது வகை, தொழிலிலிருந்தே வருவது. இயந்திரத்தில் ஊற்றும் கூலண்ட், பெயின்ட், எபாக்ஸிப் பசை, குரோமியம், நிக்கல் இவையெல்லாம் தோலை அரிக்க வல்லவை. கையைக் காப்பாற்றக் கொடுத்த ரப்பர் கையுறையே சிலருக்கு ஆகாது. இதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதிசயமல்ல. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் குறைகிறதா, வேலைக்குத் திரும்பினால் ஏறுகிறதா என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டு வந்தால் பாதி விஷயம் வெளியாகி விடும். மீதிக்கு, சந்தேகப்பட்ட பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ரசாயனங்களாலும் பெயின்டாலும் வரும் தோல் வியாதியை 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டமே அறிவிக்க வேண்டிய தொழில் வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்து விட்டது. அப்படியிருந்தும் ஒப்பந்தக் கூலித் தோழர் கையைக் காட்டப் பயப்படுகிறார். காட்டினால் நாளை வேலை இருக்குமா என்பதே அவர் கேட்கும் “ஏன்”. அவர் பயத்தை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். நிரந்தர வேலையிலுள்ள தோழர்களும் சங்கங்களும் அவருக்காகக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

இவ்வளவும் பார்த்தும் காரணம் அகப்படாத அரிப்பும் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச் சத்துக் குறைவு என்று உள்ளேயிருந்து வருவதும் உண்டு. அதற்கு இரத்தச் சோதனை வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் “இன்னும் தெரியவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம்” என்று சொல்லுகிற மருத்துவரை விட்டு ஓடிவிடக் கூடாது. ஒரே பார்வையில் எல்லாம் தெரியுமென்கிறவரிடந்தான் ஜாக்கிரதை வேண்டும்.

ஆகவே அரிப்போடு அலையும் தோழர்கள் அடுத்த முறை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, இதுவரை பூசிய டியூப் அத்தனையையும், காலியானதாயினும், ஒரு பையில் போட்டுக் கொண்டு போகட்டும். என்ன வேலை, கையில் படுவது என்ன என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லட்டும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று வாய் திறந்து கேட்கட்டும். அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு மழுங்கிய கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சில நிமிஷ நேரம்.