பந்து பொறுக்குபவரின் கையில் துடுப்பு எப்போது?



அஸருக்குப் பின் எமதூர் மைதானத்துக்குப் போகும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எல்லைக்கு வெளியே நிற்பார். பற்றைக்குள் போகும் பந்தையெல்லாம் ஓடிப்போய் எடுத்து வருவார். வயது முப்பதை நெருங்குகிறது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். நாம் அவரோடு சிரித்துப் பேசுகிறோம், பிளேன்டி வாங்கிக் கொடுக்கிறோம், கப் அடித்தால் தோளில் தூக்கிப் படம் எடுக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அவர் கையில் துடுப்பைக் கொடுத்து ஒரு ஓவர் போட்டிருக்கிறோமா?

இல்லை. இதற்குத்தான் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதல் குற்றவாளிகள் ஆசிரியர்களாகிய நாம்தான். இல்ல விளையாட்டுப் போட்டியில் விசேட கல்விப் பிரிவுப் பிள்ளைகளின் கையில் பலூனைக் கொடுத்து அணிநடையில் முன்னால் விடுகிறோம். டிசம்பர் 3 வந்தால் சங்கீதக் கதிரை, கரண்டியில் தேசிக்காய், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், அதிதிகளோடு படம். மறுநாள் முதல் அடுத்த டிசம்பர் வரை ஒன்றுமில்லை. வருடத்தில் ஒரு நாள் நடப்பது வைபவம். விளையாட்டு என்றால் வாராவாரம் பயிற்சி, வியர்வை, தோல்வி, மறுபடியும் முயற்சி.

2021 இல் டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஈட்டி எறிந்து தங்கம் வென்றபோது எல்லோரும் பதிவு போட்டோம். நல்லதுதான். ஆனால் அது தெரிவுப் போட்டிகளைத் தாண்டி வந்த உச்சத் திறமையாளர்களின் மேடை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968 இல் சிக்காகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வேறு வழியில் போகிறது. வயதும் ஆற்றலும் ஒத்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஓடவிடுகிறார்கள். நூறு மீற்றரை நாற்பது செக்கனில் ஓடுபவர் தன்னைப் போன்றவரோடுதான் போட்டியிடுவார். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறையும் உண்டு. எமதூர்ச் சகோதரர்கள் உழைக்கப் போகும் அதே அபுதாபியில்தான் 2019 இல் இதன் உலகப் போட்டி நடந்தது. 7,000 க்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள்.

"விழுந்து காயப்பட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, பதிலும் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. சிலருக்குக் கழுத்தெலும்பு உறுதியில்லை. ஆகவே முதலில் டொக்டரிடம் காட்டி எழுதி வாங்குவோம். தலையால் பந்தை அடிக்கவோ குட்டிக்கரணம் போடவோ விடமாட்டோம். வலிப்பு வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் விபரம் தெரிந்த ஒருவர் நிற்பார். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு விசில் சத்தம் ஒத்துவராவிட்டால் கையைக் காட்டுவோம். ஒவ்வொரு கிழமையும் அதே இடம், அதே நேரம், அதே ஒழுங்கு. கடினபந்து ஆடும் எமது பொடியன்களுக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறோமா?

"நேரமில்லை, காசில்லை" என்பது அடுத்த பேச்சு. பிரீமியர் லீக்குக்கு ஒவ்வொரு வருடமும் புது ஜேர்சி வருகிறது, கட்டாரிலிருந்து அனுசரணை வருகிறது, இரவில் லைட் எரிகிறது. இதற்குத் தேவை நாலு மென்பந்து, பத்துக் கூம்பு, பொறுமையுள்ள ஐந்து இளைஞர்கள்.

பெண் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். பந்து பொறுக்கக்கூட அவர்கள் வெளியே வருவதில்லை. பாடசாலை மண்டபத்தில் ஆசிரியைகள் பொறுப்பெடுத்து ஒரு நேரம் ஒதுக்கினால் என்ன தடை?

பாடசாலை முடிந்த பின் இவர்களின் நாள் வீட்டுத் திண்ணையில் கழிகிறது. உடம்பு பருக்கிறது, பேச்சு குறைகிறது. ஒவ்வொரு உம்மாவும் எம்மிடம் கேட்பது ஒன்றைத்தான்: "நான் மௌத்தான பிறகு இவனை ஆரு சேர் பாப்பா?" இதற்கு எந்த நிதியுதவியும் முழுப் பதிலாகாது. ஆனால் கூட விளையாடிய பத்துப் பேர் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒருவரை ஊர் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது.

அபஸ அத்தியாயம் இறங்கிய காரணத்தை எத்தனை பயானில் கேட்டிருப்போம். பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் அவர்களுக்காக அல்லாஹ் நபியவர்களையே கண்டித்தான். அதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டு வெளியே வந்து முகத்தைத் திருப்புகிறோம். விசேட தேவையுடையோருக்கும் விளையாட்டில் சமபங்கு உண்டு என்று சொல்லும் ஐ.நா. சமவாயத்தை எமது நாடு 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. மார்க்கமும் சட்டமும் ஒரே பக்கம் நிற்க, நாம் மட்டும் மறுபக்கம் நிற்கிறோம்.

அடுத்த சீசனுக்கு மைதானத்தைப் பங்கிட கழகங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. கழகத் தலைவர்களே, பள்ளிவாயல் நிர்வாகத்தினரே, அட்டவணையில் சனிக்கிழமை அஸர் முதல் ஒரு மணித்தியாலத்தை இவர்களுக்கு எழுதுங்கள். தர்மமாகக் கேட்கவில்லை. பொது மைதானம் அவர்களுக்கும் சொந்தம்.

பயிற்சிக்கு ஆசிரியர்கள் நாம் வருகிறோம். அவர் துடுப்புப் பிடிக்கட்டும், ஒரு நாளைக்கு நாம் பந்து பொறுக்குவோம்.