அடுத்த வாரம் வருகிறேன்!

2022 ஜனவரி. ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடப்போன டென்னிஸ் நட்சத்திரம் ஜோகோவிச்சின் விசா, கொரோனா தடுப்பூசி விவகாரத்தில் ரத்தானது. மெல்போர்ன் நகரின் பார்க் ஹோட்டலில் அவரை அடைத்து வைத்தார்கள். நான்கு இரவுகள் கழித்து நீதிமன்றம் விடுவித்தது. அரசு மறுபடியும் விசாவை ரத்து செய்து அவரை ஊருக்கு அனுப்பியது தனிக்கதை.

அவரைத் தேடி வந்த கேமராக்களில், அதே கட்டடத்தில் இருந்த வேறு சிலரும் பதிவானார்கள். 2013-ல் படகேறி வந்த அகதிகள் அவர்கள். நவ்ரு, மானுஸ் தீவுகளில் வருடக்கணக்கில் வைக்கப்பட்டு, பிறகு சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆனாலும் ஒன்பது வருடங்களாகச் சுதந்திரம் இல்லை.

சிறைக் கைதிக்கு விடுதலைத் தேதி ஒன்று உண்டு. நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வரலாம். இவர்களுக்கு அதுவும் கிடையாது. விசா இல்லாமல் வருபவர்களைக் கட்டாயம் காவலில் வைக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் 1992-ல் வந்தது. எத்தனை நாள் என்ற வரம்பு இப்போது அதில் இல்லை.

இப்படி அடைபட்டவர்களைப் பார்க்கப் போகிறவர்களில் பிரிஜிடைன் சபைக் கன்னியாஸ்திரிகளும் உண்டு. பிரிஜிட் ஆர்தர், கேத்தரின் கெல்லி என்ற இரண்டு சிஸ்டர்கள், 2001-ல் மெல்போர்னில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். உள்ளே இருப்பவர்கள் ஈரானியர், ஆப்கானியர், ரோஹிங்யாக்கள், ஈழத் தமிழர்கள் எனப் பல ஊர்க்காரர்கள். ‘நீ எந்த மதம்?’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

போய்ப் பார்ப்பதும் சுலபமில்லை. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை, உடல் சோதனை எல்லாம் முடிந்து, செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். வீட்டில் சமைத்ததை ஆசையாகக் கொண்டுபோகவும் கட்டுப்பாடுகள் உண்டு.

யாரையாவது பார்க்கப் போனால் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிப்போவது நம் வழக்கம். இங்கே கையில் கொண்டுபோக அதிகம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கலாம். அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரிக்கலாம். பேசப் பிடிக்காத நாளில் சும்மா உடன் இருக்கலாம். வெளியே வந்த பிறகு வக்கீலுக்குப் போன் செய்யலாம், மனு எழுத உதவலாம். விடுதலையாகி வருபவருக்குப் பெரும்பாலும் போக வீடு இருக்காது. தங்க இடம் பார்த்துக் கொடுப்பதும் அந்த சிஸ்டர்களின் வேலைதான்.

பார்வையாளரால் கதவைத் திறக்க முடியாது. அது சட்டத்தின் கையில் இருக்கிறது. பார்க் ஹோட்டலில் கடைசியாக இருந்தவர்கள் 2022 ஏப்ரலில் வெளியே வந்தார்கள். திருப்பி அனுப்ப வழியே இல்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கக்கூடாது என்று 2023 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. 2004-ல் அதே நீதிமன்றம், வைக்கலாம் என்று சொல்லியிருந்தது. மற்றவர்களுக்குக் கால வரம்பு இன்றும் இல்லை.

எப்போது விடுவார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆனால், கிளம்பும்போது ‘அடுத்த வாரம் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வந்து நிற்க ஒருவர் இருக்கிறார். தேதியே இல்லாத அந்த நாள்காட்டியில், வட்டம் போட்டு வைக்க ஒரு தேதி கிடைத்துவிடுகிறது.