சொல்லியிருந்தால் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டேனே

நான் அரசியல் பேசத் தெரிந்த மனுசி இல்லை. மட்டக்களப்பில் சட்டை தைத்துப் பிழைக்கிறவள். வாயைத் திறந்தால் வீண் பிரச்சினை, பேசாமல் இரு என்று சொந்தக்காரரும் சொன்னார்கள், சபையிலும் சிலர் சொன்னார்கள். இருந்தேன். இனி ஏலாது.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. எங்கள் சியோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து, சாப்பிட வெளியே வந்த பிள்ளைகள் நின்ற இடத்தில் ஒருவன் குண்டை வெடிக்கவைத்தான். புது முகம், பையோடு வந்தவன். சந்தேகப்பட்டு அவனை உள்ளே விடாமல் மறித்தவரும் அங்கேயே போய்விட்டார். அவர் மறிக்காவிட்டால் உள்ளே இருந்த சனம் முழுக்கப் போயிருக்கும். செத்த பிள்ளைகள் மட்டும் 14 பேர். அதில் ஒன்று என்னுடையது.

வளருகிற பிள்ளை, அடுத்த வருசமும் போடட்டும் என்று அவளின் சட்டைக்குக் கீழ்மடிப்பை நாலு விரல் அகலம் உள்ளே விட்டுத் தைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டவில்லை. மடிப்பைத் தடவிப் பார்த்துத்தான் ஓம், என்ர பிள்ளைதான் என்றேன்.

குண்டோடு வந்தவனைக் கடவுளிடம் விட்டுவிட்டேன். ஆட்சியிலும் பாதுகாப்பிலும் இருந்த ஐயாமாரே, உங்களை விட ஏலாது. உங்களுக்குத் தெரியும்.

இப்படித் தாக்கப் போகிறார்கள் என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தகவல் வந்தது. 11ஆம் திகதி அது கடிதமாகப் போனது. யாருக்கு? அமைச்சர்மாரின் பாதுகாப்புப் பிரிவுக்கு. நீதிபதிமாரின் பாதுகாப்புப் பிரிவுக்கு. ராஜதந்திரிகளைக் காக்கிறவர்களுக்கு. எங்கள் போதகருக்கு? ஃபாதர்மாருக்கு? கேற்றடியில் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தவும் ஆளில்லையா? பெரிய கோவில்களுக்குப் போகாதே என்று தன் தகப்பன் எச்சரித்ததாக ஓர் அமைச்சரே பிறகு வெளியில் சொன்னார். அமைச்சருக்குத் தகப்பன் சொன்னார். என் மகளுக்கு யார் சொன்னது?

அதற்கும் முன்னால், 2018 நவம்பரில், எங்கள் வவுணதீவில் இரண்டு பொலிஸாரைக் கொன்றார்கள். உடனே ஒரு முன்னாள் போராளியைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தீர்கள். தமிழன் ஒருவன் கையில் கிடைத்தால் பிறகு எதற்குத் தேடுவது? கொன்றது அந்தக் குண்டுக்காரனின் கும்பல்தான் என்று எங்கள் பிள்ளைகள் செத்த பிறகுதான் உங்களுக்கு விளங்கியது. அன்றைக்கே ஒழுங்காய் விசாரித்திருந்தால்? சொல்லுங்கள், விசாரித்திருந்தால்?

குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று சொல்லி, மே மாதம் வடமேற்கில் முஸ்லிம் ஆட்களின் கடைகளைக் கொளுத்தினார்கள். எங்களுக்காகப் பழிவாங்கினார்களாம். நாங்கள் கேட்டோமா? செத்த வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர்களில், என்னிடம் தைக்கக் கொடுக்கிற காத்தான்குடி முஸ்லிம் பெண்ணும் ஒருத்தி. எங்கள் கண்ணீரைக் காட்டி இன்னொருத்தியை அழ வைக்காதீர்கள்.

வழக்கு என்றீர்கள். 855 குற்றச்சாட்டு என்றீர்கள். முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் முன்னாள் பாதுகாப்புச் செயலாளரையும் 2022இல் மேல் நீதிமன்றம் விடுவித்து அனுப்பியது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தெரிந்திருந்தும் தடுக்கத் தவறினீர்கள் என்று நட்டஈடு கட்டச் சொன்னது. அன்றைய ஜனாதிபதி கட்ட வேண்டியது 10 கோடி ரூபாய். ஒரேயடியாய்க் கட்ட வசதியில்லையாம், தவணை கேட்டார். எங்கள் பிள்ளைகள் தவணை தவணையாகவா செத்தார்கள்?

ஏப்ரல் வந்தால் கமராக்காரரோடு வருகிறீர்கள். தேர்தல் வந்தால் சூத்திரதாரியைப் பிடிப்போம் என்கிறீர்கள். கதிரையில் இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், வாக்குறுதி மட்டும் அப்படியே கிடக்கிறது. உங்கள் மெழுகுதிரி எனக்கு வேண்டாம். ஒரு பதில் போதும்.

11ஆம் திகதிக் கடிதத்தைக் கையில் வாங்கினவர்களே, அந்த ஞாயிறு காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் பிள்ளைகளைக் கோவிலுக்கு அனுப்பினீர்களா?