வன்னிக் கடலுக்கு வந்த கப்பல் எது?

ஒரு போர்க்கப்பல் ஓய்வு பெறும்போது அதன் வரலாறு நாள் பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விராட்டும் இதற்கு விலக்கல்ல. 1944 இல் பிரித்தானியாவில் அதற்கு அடித்தளம் இடப்பட்டது. 1959 இல் ஹேர்மிஸ் என்ற பெயரில் பணியேற்றது. 1982 இல் போக்லாந்துப் போரில் பிரித்தானிய அணியின் தலைமைக் கப்பலாக நின்றது. 1987 மே 12 இல் விராட் என்ற பெயருடன் இந்தியக் கடற்படையில் இணைந்தது. 2017 மார்ச் 6 இல் ஓய்வு பெற்றது. அருங்காட்சியகமாக்கும் யோசனைகள் கைகூடாத நிலையில், 2020 இல் உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங் கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது.

அந்தப் பதிவேட்டில் நமக்குரிய வரி ஒன்று உண்டு. 1989 யூலை 29 ஆம் திகதிக்குள் இந்திய அமைதி காக்கும் படை வெளியேற வேண்டும் என ஜனாதிபதி பிரேமதாச நெருக்கினார். நிலைமை கைமீறினால் தலையிடுவதற்காக, கர்வால் துப்பாக்கிப் படையினரை ஏற்றிக்கொண்டு விராட் தயார் நிலையில் நின்றது. 'ஒப்பரேஷன் ஜூபிடர்' என்பது அந்நடவடிக்கையின் பெயர். இரு அரசுகளும் இணக்கம் கண்டமையால் தலையிட வேண்டிய தேவை எழவில்லை. 1990 மார்ச் 24 இல் இந்தியப் படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது.

நடக்காத ஒரு தலையீட்டுக்குக்கூட வரலாற்றில் பெயரும் இடமும் உண்டு. ஆனால் 1988, 89 ஆம் ஆண்டுகளில் முல்லைத்தீவின் நித்திகைக்குளம், அலம்பில் காடுகளில் நடந்த சண்டைகளுக்கு நடுவே வாழ்ந்த கிராமத்தவரின் கதை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

இன்னோர் ஒப்பீட்டையும் சொல்ல வேண்டும். ஹேர்மிஸ் என்ற பெயரைத் தாங்கிய முந்தைய விமானந்தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. அதில் மாண்டவர் 307 பேர். உலகப் போரின் நடுவிலும் அந்தத் தொகையைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. வன்னியில் 2009 இல் மாண்டவர் எத்தனை பேர்? 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. 70,000 க்கும் மேற்பட்டோருக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கணக்கில்லை என 2012 இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு கூறியது. மனித உயிர்களின் கணக்கில் பல்லாயிரம் வித்தியாசம் வருமானால், எண்ண வேண்டியவர்கள் எண்ணவில்லை என்பதே பொருள்.

அந்த மாதங்களில் வன்னிக் கடலுக்கு வந்த கப்பல் விராட் அல்ல. 'கிரீன் ஓஷன்' என்ற பயணிகள் கப்பலே வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அதை அமர்த்தியிருந்தது. கப்பல் கரையை அணைய முடியாமையால், காயமடைந்தோரைச் சிறு படகுகளில் கொண்டுசென்று ஏற்றினார்கள். முதலில் திருகோணமலைக்கும், பின்னர் இந்திய மருத்துவக் குழு மருத்துவமனை அமைத்திருந்த புல்மோட்டைக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, காயமடைந்தோரும் நோயாளரும் உடன் சென்ற உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேர் இவ்வாறு கடல்வழியே வெளியேற்றப்பட்டார்கள்.

விராட்டின் வரலாறு எழுதப்பட்டதில் எனக்குக் குறையில்லை. கடற்படைகள் தம் கப்பல்களை மதிக்கும் முறை அது. அம்முறையை நாமும் கைக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. கிரீன் ஓஷனுக்கு யார் பணி வரலாறு எழுதுவது? சர்வதேச அமைப்புகளின் ஆவணங்களில் தொகைகள் கிடைக்கும். யாரை யார் தூக்கி ஏற்றினார்கள், எந்தப் பிள்ளை தாயின்றிக் கரையிறங்கியது, கப்பலேறியவர் திரும்பி வந்தபோது ஊரில் யார் எஞ்சியிருந்தார்கள் என்பனவற்றை அதில் சென்றவர்களே சொல்ல முடியும்.

அவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அன்று ஐம்பது வயதைக் கடந்திருந்தவர்கள் இன்று முதியவர்கள். மே மாதந்தோறும் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றுகிறோம். அது நம் கடமை. அத்துடன் திகதி, ஏறிய கரை, இறங்கிய கரை, உடன் வந்தவரின் பெயர் என நான்கு விபரங்களையாவது ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதத் தொடங்குவோம். பல்கலைக்கழகமோ அரசோ முன்வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், பொறுமையாகக் கேட்கும் ஒருவரும் போதும்.