ஒரே செங்கல், இரண்டு விலை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

வீட்டுக்கு விலை குறிப்பவர்கள் செங்கல்லையும் சிமெண்டையும்தான் அளக்கிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் இரண்டு கணக்குப் போடுகிறார். கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டு, அதன் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பது ஒன்று. மனைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போடுவது மற்றொன்று. முதற்கணக்கில் ஒளிக்க இடமில்லை. நாடாவைப் பிடித்தால் தெரிந்துவிடும். இரண்டாம் கணக்கில் வரும் அந்த ஓர் எண் எங்கிருந்து பிறக்கிறது? அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற மனைகளின் விலையிலிருந்து பிறக்கிறது. எது அக்கம், எது பக்கம் என்று தீர்மானிக்கும் அந்த இடத்தில்தான், தோழர்களே, சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திருப்பருத்திக்குன்றம் என்றதும் உங்களுக்குச் சமணர் கோயில் நினைவுக்கு வரும். ஜினகாஞ்சியின் விதானத்து ஓவியங்களைக் காண எங்கிருந்தெல்லாமோ அறிஞர்கள் வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வந்த ஒரே பெரிய மனிதர் ஒரு வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர்தான். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம்.

என் தந்தையார் கூலிக்குப் பட்டு நெய்பவர். நெசவாளிக்கு வீடு என்பது படுத்துறங்கும் இடம் மட்டுமன்று, அதுவே தொழிற்கூடம். ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஊற்றுப்போல் நீர் சுரக்கும். நீர் வடியும்வரை தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே தரையை உயர்த்தி, பக்கத்தில் ஓர் அறை கட்டி இன்னொரு தறி போடலாம் என்று வீட்டின் பேரில் கடன் கேட்டார். மனை என் பாட்டனார் கிரயம் பெற்றது. பட்டாவில் வில்லங்கம் ஏதுமில்லை. எங்கள் வீட்டைக் கட்டிய அதே கொத்தனார், அதே ஆண்டில், அதே அளவில், தார்ச்சாலைக்கு அப்பால் ஊர்த்தெருவிலும் ஒரு வீடு கட்டினார். அவர்களும் அதே வங்கியில் கடன் கேட்டிருந்தார்கள். அந்த மனைக்குச் சதுர அடி 1,500 ரூபாய். எங்கள் மனைக்கு 850. இரண்டுக்கும் ஒரே குடிநீர்க் குழாய், ஒரே மின்கம்பி. அறிக்கையின் குறிப்புப் பகுதியில் இரண்டே சொற்றொடர்கள்: ‘காலனிப் பகுதி. வாங்குவோர் குறைவு.’

கடன் கிடைத்தது, போதவில்லை. குறைந்த பணத்தைத் தந்தையார் நெசவு முதலாளியிடம் முன்பணமாக வாங்கினார். முன்பணம் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை. அது தீரும்வரை தறி அவருடையதுதான். கூலி கூட்டிக் கேட்கவும் வாய் வராது. மதிப்பீட்டாளர் எழுதிய ஓர் எண் எங்கள் வீட்டுக்கூலியை எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டிருக்கிறது பாருங்கள்!

“நான் சாதி பார்க்கவில்லை, சந்தையைத்தான் பார்க்கிறேன்” என்பது மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நேர்மையான பதிலாகவே தோன்றும். ஆனால் அந்தச் சந்தையைச் சற்று உற்றுப்பாருங்கள். ஊர்க்காரர் எங்கள் தெருவில் மனை வாங்கமாட்டார். எங்களில் கையில் நாலு காசு சேர்ந்தவர் ஊர்த்தெருவில் கேட்டால், “விற்கிற எண்ணமில்லை” என்பார்கள். மறுமாதமே வேறொருவருக்குக் கிரயமாகும். இரு பக்கமும் வாசலை அடைத்துவிட்டு, உள்ளே கூட்டமில்லை என்று எழுதுவது என்ன கணக்கு? நேற்று விலை குறைவு, ஆகவே இன்று மதிப்புக் குறைவு. இன்று மதிப்புக் குறைவு, ஆகவே நாளை விலை குறைவு. நிறுவவேண்டியதையே எடுகோளாக வைத்துத் தேற்றத்தை நிறுவினால் எங்கள் கணிதப் பேராசிரியர் விடைத்தாளில் சுழியம் போடுவார்.

இந்தச் சுழல் எப்போது தொடங்கியது? செங்கற்பட்டு மாவட்டப் பொறுப்புக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நம் காஞ்சிபுரம் அந்த மாவட்டத்தில்தான் அன்று இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்குக் குடியிருக்கும் குடிசை மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம், அந்த அச்சமே அவர்களை அடிமையாக வைத்திருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892இல் அரசு நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்று நிபந்தனையும் வைத்தது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பல ஊர்களில் கைமாறிப் போயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். மண்ணுக்கு எங்கள் மக்கள் கொடுத்த விலை எந்த மதிப்பீட்டாளரின் பட்டியலிலும் இல்லை.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவில் 1930களில் அரசு சார்ந்த வீட்டுக்கடன் அமைப்பொன்று நகரங்களுக்கு நிறம் தீட்டிய வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். 1968இல் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் வந்தது. எனினும் 2018இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் ஆராய்ந்தபோது, கறுப்பர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளின் வீடுகள், தரமும் சுற்றுவசதியும் ஒத்திருந்தும், 23 விழுக்காடு குறைவாகவே மதிப்புப் பெற்றன. வீடொன்றுக்குச் சராசரியாக 48,000 டாலர் இழப்பு. அங்கே ஓர் அனுகூலம் உண்டு: யாராவது எண்ணிப் பார்க்கிறார்கள். இங்கே நாம் எண்ணுவதே இல்லை.

விடுதி நண்பர் ஒருவர் கேட்டார்: “மதிப்புக் குறைந்தால் உனக்குத்தானே லாபம்? பத்திரச் செலவு குறையுமே!” முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, குறையும், மறுக்கவில்லை. ஆனால் ஏழை வாழ்நாளில் ஒருமுறை பத்திரம் பதிவான். கடனுக்கு எத்தனை முறை அலைவான்? நாளை சாலைக்கோ ஆலைக்கோ அரசு நிலம் எடுத்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கணக்கிடுவதும் வழிகாட்டி மதிப்பையோ அருகில் நடந்த விற்பனைகளையோ வைத்துத்தான். இன்று மிச்சமாகும் ஆயிரத்துக்காக நாளை இலட்சத்தை இழப்பது லாபமாகுமா?

வழி இல்லாமலும் இல்லை. 1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் ஓர் ஊருக்கு 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. அங்கே ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் பிரித்து விலை சொல்ல ஒருவருக்கும் கோடு கிடைக்காது. அத்திட்டத்தின் மற்றக் குறைகளை வேறொரு நாள் பேசலாம்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். என் தாயார் அன்று தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பலகையில் பெயரை அழித்தாலும் பழைய பத்திரங்களில் ஏறிய விலை அழியவில்லையே. பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய மதிப்பு எழுதும்வரை, பெயரில்லாமலே அந்தக் காலனி நீடிக்கும். மதிப்பீட்டு அறிக்கையின் நகலை வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டும். எந்தெந்த விற்பனைகளை ஒப்பிட்டார்கள் என்று அதில் எழுதவேண்டும். ஒரே சாலையின் இருபுறத்தையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

நம் பொருளியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. நம் கல்லூரியில் காஞ்சியைச் சுற்றியுள்ள எத்தனையோ ஊர்களிலிருந்து மாணவர்கள் படிக்கிறோம். ஆளுக்கோர் ஊராக, சாலைக்கு இப்புறம் என்ன மதிப்பு, அப்புறம் என்ன மதிப்பு என்று குறித்துவந்தால், ஒரு பருவத்துக்குள் பட்டியல் ஆயத்தமாகிவிடும். புள்ளியியல் கணக்கை எங்கள் வகுப்பு பார்த்துக்கொள்ளும். திருப்பருத்திக்குன்றத்துத் தாளை நான் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டேன்.