கொன்றது காமமா?

1979ஆம் ஆண்டின் கோடையில் நியூயார்க் நகரத்துக் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு திரைப்படத்தின் படப்பிடிப்பு நடைபெற்றது. படக்குழு சென்ற தெருவெல்லாம் எதிர்ப்பாளர் கூட்டமும் சென்றது. சிலர் ஊதல்களை ஊதி ஒலிப்பதிவைக் கெடுத்தனர். சிலர் கூரைகளின்மேல் ஏறிக் கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பிப் படப்பிடிப்பைக் குலைத்தனர். அத்திரைப்படம், வில்லியம் பிரீட்கின் இயக்கி, அல் பசினோ நடித்த 'குரூசிங்'. தன்பாலீர்ப்புடைய ஆடவர் கூடும் மதுக்கூடங்களைச் சுற்றிக் கொலைகள் நிகழ்கின்றன. கொலைஞனைப் பிடிக்க ஓர் இளங்காவலன் அவர்களுள் ஒருவனாக வேடம் புனைந்து புகுகிறான். இதுவே கதை.

எதிர்ப்புக்கு வித்திட்டவர் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிவந்த ஆர்தர் பெல். அவருடைய அச்சம் வீண் அச்சமன்று. 1980இல் படம் வெளிவந்தபோது, அது தன்பாலீர்ப்பினர் உலகத்தின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டன்று என்னும் அறிவிப்பு அதன் தொடக்கத்தில் இடம்பெற்றது. குற்றஞ்சாட்டாத படத்திற்கு மறுப்புரை எதற்கு? கதையின் முடிவே அவ்வறிவிப்பைப் பொய்யாக்குகிறது. வேடமிட்டுச் சென்ற காவலனின் உள்ளத்திலேயே கொலைவெறி குடியேறிவிட்டதோ என்னும் ஐயத்தோடு படம் முடிகிறது. அஃதாவது, அவ்வேட்கை ஒரு தொற்றுநோய். அருகிற் சென்றவனையும் அது பற்றும். பற்றியபின் அவன் கையில் கத்தி முளைக்கும்! அதே ஆண்டு நவம்பரில், அந்நகரத்து வெஸ்ட் தெருவில், அத்தகைய மதுக்கூடம் ஒன்றின் முன் நின்றவர்களை முன்னாள் போக்குவரத்துக் காவலன் ஒருவன் சுட்டான். இருவர் மாண்டனர். படத்தைப் பார்த்ததால்தான் அவன் சுட்டான் என்று கூறுதல் நேர்மையாகாது. ஆயினும், உண்மையான ஆபத்து எத்திசையிலிருந்து வந்தது என்பதை அவ்விரு பிணங்களும் காட்டின.

"இவ்வேட்கை உள்ள இடத்தில் குருதியும் இருக்கும்" என்று சொல்வாருக்கு ஒரு கேள்வி உண்டு. 1987இல் 'பேட்டல் அட்ராக்சன்' வெளிவந்தது. மணமான ஆடவன் ஒருவன் வேறொரு பெண்ணைக் கூடுகிறான். அவள் கத்தியோடு அவன் வீட்டிற்குள் புகுகிறாள். அதைக் கண்டு, ஆணும் பெண்ணும் காதலித்தல் கொலையில்தான் முடியும் என்று எவரேனும் தீர்ப்புரைத்தனரா? அங்கே ஒருத்தியின் பித்து ஒருத்தியின் பித்தாகவே நிற்கிறது. இங்கே ஒருவனின் குற்றம் ஓர் இனத்தின் குற்றமாகிறது. இது திறனாய்வன்று; ஓரவஞ்சனை.

இதற்கு மருந்தாக வேறு சிலர், "அப்படியாயின் இவர்களை நல்லோராக மட்டுமே காட்டுக, கொலையும் கொடுமையும் வேண்டா" என்பர். இவர்கள் நண்பர்களே, ஆயினும் இவர்களுடைய மருந்தும் நஞ்சே. பிழை செய்யவும், தீயோனை விரும்பவும், அறிந்தே அழிவை நோக்கி நடக்கவும் உரிமையற்றவன் கதையில் மாந்தனாக வாழ்வதில்லை, பொம்மையாகவே நிற்கிறான்.

இவ்விரு சாராருக்கும் ஒருங்கே விடை கூறும் படம் ஒன்று பிரான்சிலிருந்து 2013இல் வந்தது. அலேன் கிரோடி இயக்கிய அதனைத் தமிழில் 'ஏரிக்கரையில் ஓர் அந்நியன்' எனலாம். கான் விழாவின் ஒரு பிரிவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் பரிசை அது பெற்றுத் தந்தது. கதை ஏரிக்கரையையும் அதையடுத்த காட்டையும் விட்டு வெளியே செல்வதில்லை. பின்னணி இசை இல்லை. காற்றும் நீரும் இலைகளுமே ஒலிக்கின்றன. பிரான்க் என்னும் இளைஞன் மிஷேலின்மீது வேட்கை கொள்கிறான். ஒருநாள் மாலை, மிஷேல் தன் காதலனை நீரில் அமிழ்த்திக் கொல்வதை மரங்களின் மறைவிலிருந்து காண்கிறான். கண்டும் ஊரைக் கூட்டவில்லை. கண்டும் மீண்டும் வருகிறான். கொலைஞனின் கைகளுக்குள்ளேயே புகுகிறான்.

இங்கே ஆபத்து நோயாகப் பரவவில்லை. ஒருவனின் தேர்வாக நிற்கிறது. அதே கரையில் ஆன்றி என்னும் தனியன் அமர்ந்திருக்கிறான். அவன் எவரையும் நாடி வந்தவனல்லன். பிரான்க்கின் நட்பே அவனுக்குப் போதும். மிஷேலின் உண்மையை உணர்ந்து எச்சரிப்பவனும் அவனே. ஆசையும் அன்பும் ஒரே மணலில் அருகருகே கிடக்கின்றன. பிரான்க் ஆசையின் பக்கம் சாய்கிறான். இவ்வாறு சாயாத காதலர் எக்குலத்திலேனும் உண்டோ?

படத்தின் உயிர்நிலை காவல் ஆய்வாளரின் கேள்வியில் உள்ளது. உங்களில் ஒருவன் இறந்தான். சில நாள்களில் எதுவும் நடவாததுபோல் இங்கே திரும்பிவிட்டீர்கள். இதுதான் நீங்கள் ஒருவரையொருவர் நேசிக்கும் விதமா என்று அவர் கேட்கிறார். அவர் குறை காண்பது அவர்கள் விரும்பியதிலன்று, தேடாததில். செத்தவனின் துண்டு கரையிலேயே கிடந்தது, எவரும் வினவவில்லை. பெயர் கேளாமல் கூடும் இடத்தில் ஒருவன் மறைந்தால் யாரைத் தேடுவது?

ஆயின், அவர்களைப் பெயரற்றவராக்கியது யார்? களவொழுக்கம் பாடிய பழந்தமிழ்ப் புலவர் இதன் விடையை அறிவர். இரவுக்குறிக்கு வரும் தலைவனின் வழியில் புலியும் களிறும் காட்டாறும் உண்டு, தலைவி நடுங்குகிறாள். அவ்வழியின் கொடுமைக்குக் காதலைப் பழித்தாரில்லை. காதல் ஒளிந்து நடக்க நேர்ந்தமையால் வழி கொடிதாயிற்று. வெளிச்சத்தில் இடமில்லாதவர் இருளில் கூடுவர்; இருளில் கொலைஞனுக்கும் இடமுண்டு.

அப்படம் வெளிவந்தது 2013 சூன் மாதத்தில். அதற்கு முந்திய மாதந்தான் ஒருபால் இணையரின் திருமணத்தைப் பிரான்சு சட்டமாக்கியிருந்தது. அவ்வாறிருந்தும், வெர்சாய், சேன்-குளூ ஆகிய ஊர்களில் படத்தின் சுவரொட்டி அகற்றப்பட்டது. அதிலிருந்தது இரு ஆடவர் முத்தமிடும் ஓவியம். பின்புலத்தில் சிற்றுருவாக ஒரு கலவிக் காட்சியும் உண்டு. துப்பாக்கியும் குருதியும் தீட்டிய சுவரொட்டிகள் உலக நகரங்களில் ஆண்டு முழுதும் தொங்குகின்றன. அவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பார் அரியர். கொலையைப் பொறுக்கும் கண்கள் முத்தத்தைப் பொறுக்கமாட்டாவெனின், நோய் எவர் கண்ணில்?

படத்தின் முடிவில் இருள் கவிகிறது. காட்டில் ஒளிந்திருக்கும் பிரான்க், தன்னைக் கொல்லக்கூடியவனின் பெயரைச் சொல்லி அழைக்கிறான். அக்குரல் பாவத்தின் குரலன்று; தனிமையின் குரல். காமம் அவனைக் கொல்லவில்லை. கண்டதைக் காணாததாக்கிய அவனது மௌனமும், அவனைக் காணாததாக்கிய உலகத்தின் மௌனமும் கைகோத்து அவனை அவ்விருளில் நிறுத்தின. குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியவை அவ்விரண்டுமே.