கூலி பொருட்டல்லவா?
இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானத் தொழிற்சாலைகளில் பெண்கள் நாட்டுப்பற்றால் மட்டுமே உழைத்தார்கள், கூலி அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல என்ற வாதம் ஆதாரத்தின் முன் நிற்காது. கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டனில், மெர்லின் விமான எஞ்சின்கள் செய்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில், 1943-இல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காகத்தான். கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இன்றி ஆணின் வேலையைப் பார்க்கும் பெண்ணுக்கு 32 வாரம் கழித்து ஆணின் முழுக் கூலி என்பது 1940 ஒப்பந்தம். அதைத் தட்டிக்கழிக்க, ஆலை நிர்வாகத்தினர் வேலைகளையே 'பெண்கள் வேலை' என்று வகைப்படுத்தினார்கள்.

போர் நடக்கும்போது வேலைநிறுத்தம் துரோகமில்லையா என்று கேட்பவர்கள், ஒப்புக்கொண்ட கூலியை மறுத்தது யார் என்றும் கேட்கவேண்டும். ஆண் தொழிலாளர்கள் பலரும் இந்தப் பெண்களோடு நின்றார்கள். முடிவில் எட்டிய உடன்பாட்டில் ஆலையின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்பட்டன. இயக்குவது ஆணா பெண்ணா என்று பாராமல் இயந்திரத்துக்கே கூலி குறிக்கப்பட்டது.